உரையும் காட்சியும்: மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியிலே பேணாட் பிஷர் கற்பித்த பாடம்

தோற்றுவாய்

அறிவு பெறும் வாயில்களை அளவை என்பர் நம் தருக்க நூலார். அவற்றுள் தலையாயவை காட்சி, கருதல், உரை என மூன்று. பொறிகளால் நேரே கண்டறிவது காட்சி. கண்டதனைக் கொண்டு காணாததனை உய்த்துணர்வது கருதல். மலையிற் புகை கண்டு அங்கே தீ உண்டெனத் துணிவது இதற்கு வகுப்புக்களில் வழிவழியாகக் காட்டப்பெறும் உதாரணம். அறிந்தோர் சொல்லை நம்பி ஏற்பது உரை. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்குமாயின் அறிவு உறுதிபெறும். உரை மாத்திரம் தனித்து அரசு செலுத்த, ஏனையிரண்டும் அதற்கு அஞ்சி ஒதுங்குமாயின் யாது விளையும்?

இவ்வினாவைப் பல்லாண்டுகளுக்கு முன்னர் எமது வகுப்பிலே ஒரு மாணவன் எளிய சொற்களில் எழுப்பினான். "பெரியவர்கள் சொன்னது பிழையென்று எப்படிச் சேர் கண்டுபிடிப்பது?" என்பதே அவன் கேள்வி. உரையாசிரியர் இருவர் தம்முள் மாறுபடும் இடமொன்றைக் காட்டி அன்று நாம் ஒருவாறு விடையிறுத்தோம். அவ்விடை அவனுக்கு நிறைவளித்ததோ அறியோம், எமக்கு அளிக்கவில்லை. பின்னர் வைத்தியத் துறையின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபொழுதே தக்க விடையொன்று கிடைத்தது. அதனைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாற் காட்டியவர் ஐக்கிய அமெரிக்காவிலே பிற்ஸ்பேர்க் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் பேணாட் பிஷர். நாம் வைத்தியரல்லேம், மருந்து கூறுதல் எம் நோக்கமுமன்று. ஓர் உண்மை எவ்வாறு ஐயுறப்பெற்று, எவ்வாறு சோதிக்கப்பெற்று, எவ்வாறு நிறுவப்பெற்றது என்பதை மாணாக்கரும் பழைய மாணவரும் அறிதல் நன்றென எண்ணியே இக்கட்டுரையை எழுதலானோம்.

பழைய கொள்கை

முதலிற் பிஷருக்கு முன்னிருந்த கொள்கையை அறிதல் வேண்டும். வில்லியம் ஹால்ஸ்ரெட் என்பவர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சைப் பேராசிரியர். சத்திரசிகிச்சையின்போது இறப்பர்க் கையுறை அணியும் வழக்கத்தைப் பரப்பியவர்களுள் அவரும் ஒருவர். மார்பகப் புற்றுநோய்க்கு 1882ஆம் ஆண்டளவில் அவர் ஒரு பெருஞ் சத்திரசிகிச்சையைச் செய்யத் தொடங்கினார். மார்பகம் முழுவதையும், அதன் கீழுள்ள மார்புத் தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒரே தொகுதியாக அகற்றுவதே அம்முறை. தாம் சிகிச்சை செய்த ஐம்பது நோயாளரின் விபரத்தை 1894ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார்.

இம்முறைக்கு அடிப்படையாய் நின்றது ஒரு கருதலளவை. புற்றுநோய் முதலில் மார்பகத்தில் தோன்றுகின்றது. பின் ஒழுங்காகப் படிப்படியே சூழவுள்ள பகுதிக்குப் பரவுகின்றது. அக்குட் கணுக்கள் வடிகட்டிபோல நின்று அதனைத் தடுக்கின்றன. அவை நிரம்பிய பின்னரே நோய் உடலெங்கும் செல்கின்றது. ஆகவே எவ்வளவு அகலமாகவும் ஆழமாகவும் வெட்டியெடுக்கின்றோமோ அவ்வளவுக்கு நோயாளி பிழைப்பாள் என்பது துணிபு.

ஹால்ஸ்ரெட்டை நாம் இகழ்தற்கில்லை. அவர் காலத்திலே நோயாளர் பலர் கட்டி முற்றிப் புண்ணான நிலையிலேதான் வைத்தியரிடம் வந்தனர். வெட்டிய இடத்திலேயே நோய் மீண்டும் தோன்றுதல் அவர் முறையினாற் பெரிதும் குறைந்தது. இது காட்சி, மறுக்கவொண்ணாதது. ஆயின், வெட்டிய இடத்தில் நோய் மீளாமை ஒன்று; நோயாளி நெடுங்காலம் உயிர்வாழ்தல் வேறொன்று. முன்னதைக் கண்டு பின்னதும் உண்டெனத் துணிந்தது வழு. அவ்வழு ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்கும், அவரிடமிருந்து அவர்தம் மாணாக்கருக்கும் சென்று, முக்காற் நூற்றாண்டுக் காலம் மாறாத விதியாய் நிலைத்தது. கருதலாய்ப் பிறந்தது காலப்போக்கில் உரையாய் முடிசூடிக்கொண்டது.

அவ்விதியின் விலையைச் செலுத்தியவர்கள் பெண்கள். தசை நீங்கிய மார்பு குழிந்து விலாவெலும்பு தோற்றும். நிணநீர் ஓட்டம் தடைப்படுவதனாற் பலருக்குக் கை வீங்கிப் பாரமாகும். தோளை உயர்த்தித் தலைவாருதலும் கடினமாகும். இன்னுமொன்று: கட்டி புற்றுநோய்தானா எனத் துணிவதும் சத்திரசிகிச்சை செய்வதும் ஒரே மயக்கத்திலேயே நிகழ்வது வழக்கமாயிருந்தது. மயக்கமருந்து கொடுத்துக் கட்டியின் சிறு துண்டை எடுத்து உறையச்செய்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். புற்றுநோயெனின் அப்பொழுதே மார்பகத்தை அகற்றிவிடுவர். கண் விழிக்கும்போது தன் உடல் எந்நிலையில் இருக்குமென்பதை அறியாமலே அப்பெண் கண்மூடவேண்டியிருந்தது.

ஐயம் பிறந்தமை

பழைய கொள்கையை ஐயுற்றோர் பிஷருக்கு முன்னரும் இருந்தனர். இலண்டன் மாநகரிலே ஜெப்றி கெயின்ஸ் என்பார் 1920களிலேயே கட்டியைச் சூழ இரேடியம் ஊசிகளைப் பதித்து, உறுப்பைப் பெரிதும் சிதையாது சிகிச்சை செய்தார். எடின்பரோ நகரிலே றொபேட் மக்வேட்டர் 1940களில் மார்பகத்தை மாத்திரம் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தார். ஆயினும் இவர்கள் காட்டிய பயன்களைப் பெரும்பாலான சத்திரசிகிச்சை நிபுணர் ஏற்கவில்லை. இவர்கள் இலேசான நோயாளரையே தெரிந்தெடுத்திருப்பர் எனச் சொல்லி விடுவது எதிர்ப்போருக்கு எளிதாயிற்று. ஐயம் மாத்திரம் போதாது; ஐயத்தைத் தீர்க்கும் முறை வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

பேணாட் பிஷர் 1918ஆம் ஆண்டு பிற்ஸ்பேர்க் நகரிற் பிறந்து, அந்நகர்ப் பல்கலைக்கழகத்திலேயே 1943ஆம் ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்றவர். ஈரல் மீளவளர்தல், உறுப்புமாற்றம் ஆகியனவே தொடக்கத்தில் அவர் கருத்தைக் கவர்ந்தன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இசிடோர் றவ்டின் 1950களின் இறுதியில் அவரை அழைத்துப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பற்றிய கூட்டாராய்ச்சியிற் சேருமாறு தூண்டினார். வேண்டாவிருப்புடன் சென்றவர், அவ்வாராய்ச்சியையே தம் வாழ்வாக்கிக்கொண்டார்.

நோயியல் வல்லுநரான தம் உடன்பிறந்தார் எட்வின் பிஷருடன் சேர்ந்து அவர் ஆய்வுகூடத்திலே எலி முதலிய பிராணிகளிற் பல பரிசோதனைகள் செய்தார். புற்றுநோய்க் கலங்களை நிணநீர் வழியே செலுத்திப் பார்த்தபோது அவை கணுக்களிலே தங்கிவிடவில்லை. பல கலங்கள் கணுவைக் கடந்து சென்றன. நிணநீர்க் குழாய்க்கும் இரத்தக் குழாய்க்குமிடையே அவை போக்குவரவு செய்தன. மிகச் சில புற்றுநோய்க் கலங்கள் ஈரலிலே நெடுங்காலம் உறங்கிக்கிடந்து, பிறிதொரு காரணத்தாற் பின்னர் வளரக்கூடும் என்பதையும் 1959ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

இக்காட்சிகளினின்றும் பிஷர் புதிய கருதலொன்றை அமைத்தார். கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்னரே அதன் கலங்கள் இரத்தத்திற் கலந்திருத்தல் கூடும். மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் தொடக்கத்திலேயே முழுவுடலையும் பற்றிய நோய். அங்ஙனமாயின் வெட்டும் இடத்தை அகலமாக்குவதனால் ஆயுள் நீளாது; உடலெங்கும் செல்லும் மருந்தே வேண்டும். இது பழைய கொள்கைக்கு நேர்மாறானது. ஆயின் பிஷர் தம் கருதலையும் உரையாக்க முயன்றாரல்லர். இரண்டினுள் எது மெய்யென்பதை நோயாளரிடத்துக் கண்ட காட்சியே தீர்ப்பதாகுக என்றார்.

சோதனை முறை

அத்தீர்ப்புக்கு அவர் கைக்கொண்டது எழுமாற்று முறை. இதனை மாணாக்கருக்கு ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கணிதம் கற்பிக்க இருவகை முறைகள் உள்ளன. எது சிறந்ததென அறியவேண்டும். ஆசிரியர் தமக்கு விருப்பமான முறைக்குக் கெட்டிக்கார மாணவரை எடுத்துக்கொண்டு, எஞ்சியோரை மற்றைய முறைக்கு விட்டாராயின் பரீட்சை முடிவு எதனை நிறுவும்? முறையின் சிறப்பையன்று, மாணவரின் சிறப்பையே நிறுவும். ஆசிரியர் வேண்டுமென்று செய்யாவிடினும் அவர் மனம் அறியாமலே அங்ஙனம் செய்துவிடும். ஆகையால் யார் எம்முறையிற் சேர்வது என்பதைத் திருவுளச்சீட்டு எடுப்பதுபோல் தற்செயலுக்கு விட்டுவிடவேண்டும். எண்ணிக்கை போதியதாயின் கெட்டிக்காரரும் அல்லாதாரும் இருபுறமும் ஏறக்குறைய ஒப்பவே அமைவர். பின்பு தோன்றும் வேறுபாடு முறையினால் வந்ததெனத் துணியலாம்.

சொல்லுதற்கு எளிதான இதனைச் செய்தல் அரிது. 'எது நல்லதென்று எமக்கே தெரியாது. ஆகவே சீட்டெடுத்துத் தீர்மானிப்போம்' என்று ஒரு வைத்தியர் தம் நோயாளியிடம் கூறவேண்டுமன்றோ! பெயர்பெற்ற நிபுணர் பலருக்கு அவ்வாறு கூற நா எழவில்லை. பெருஞ் சத்திரசிகிச்சையைக் கைவிடுதல் கொலைக்கு ஒப்பென எண்ணியோரும் இருந்தனர். 1967ஆம் ஆண்டு அக்கூட்டாராய்ச்சிக் குழுவின் தலைமையை ஏற்ற பிஷர், ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலுமுள்ள பல வைத்தியசாலைகளை ஒன்றுசேர்த்து 1971ஆம் ஆண்டு இச்சோதனையைத் தொடங்கினார்.

பெற்ற முடிவுகள்

முதற் சோதனையிற் சேர்ந்த பெண்கள் 1665 பேர். அவர்களுள் அக்குட் கணுக்கள் கைக்குத் தட்டுப்படாத 1079 பேர் மூன்று கூறாக்கப்பட்டனர். ஒரு கூறினருக்கு ஹால்ஸ்ரெட் முறை. ஒரு கூறினருக்கு மார்பகத்தை மாத்திரம் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை. மற்றொரு கூறினருக்கு மார்பகத்தை மாத்திரம் அகற்றிக் கணுக்களைத் தொடாது விட்டு, பின்னர் அவற்றில் நோய் வெளிப்படின் அப்பொழுது அகற்றுதல்.

இங்கே மாணாக்கர் ஊன்றிக் கவனிக்கவேண்டிய நுட்பமொன்றுண்டு. முதற் கூறினரிடமிருந்து அகற்றிய கணுக்களை நுணுக்குக்காட்டியிற் சோதித்தபோது அவர்களுள் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவினருக்குக் கணுக்களில் நோய் இருந்தது. எழுமாற்றாகப் பிரித்தமையால், கணுக்களை விட்டுவைத்த கூறினருள்ளும் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவினருக்கு நோய் இருந்திருத்தல் வேண்டும். ஆயினும் அவர்களுள் நூற்றுக்கு இருபதின்மருக்கும் குறைவானோருக்கே பின்னர்க் கணுக்களை அகற்ற நேர்ந்தது. மூன்று கூறினரும் உயிர்வாழ்ந்த காலத்திலோ கருதத்தக்க வேறுபாடில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2002ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும் இதனையே உறுதிசெய்தது. ஆகவே கணு, நோயைத் தடுக்கும் வாயில்காவலன் அன்று; நோய் சென்றுவிட்டதை உணர்த்தும் தூதன் என்பது பெறப்பட்டது.

இரண்டாவது சோதனை 1976ஆம் ஆண்டு தொடங்கிற்று. கட்டி நான்கு சென்ரிமீற்றருக்கு மேற்படாத பெண்களுள் ஒரு கூறினருக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. ஒரு கூறினருக்குக் கட்டியும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியும் மாத்திரம் அகற்றப்பட்டன. மற்றொரு கூறினருக்குக் கட்டியை அகற்றியபின் கதிர்ச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டு வெளிவந்த முடிவும், இருபது ஆண்டுகளின் பின் 1851 பெண்களைக் கணக்கிட்டு 2002ஆம் ஆண்டு வெளிவந்த முடிவும் ஒன்றே: உயிர்வாழ்தலில் மூன்று கூறினருக்கும் வேறுபாடில்லை. அதே மார்பகத்தில் நோய் மீளுதல் மாத்திரம், கதிர்ச் சிகிச்சை பெறாதாருள் நூற்றுக்கு 39.2 ஆகவும், பெற்றாருள் 14.3 ஆகவும் இருந்தது. இத்தாலி நாட்டு மிலான் நகரிலே உம்பேட்டோ வெறோனேசி என்பார் 1973ஆம் ஆண்டு தொடங்கி 701 பெண்களிடம் நடத்திய தனிச் சோதனையும் இதற்குச் சான்று பகர்ந்தது. 1990ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவிற் கூடிய நிபுணர் மாநாடு, தொடக்கநிலை நோயாளருட் பெரும்பாலாருக்கு மார்பகத்தைக் காக்கும் சிகிச்சையே விரும்பத்தக்கதெனத் தீர்மானித்தது.

பிஷரின் கருதலின் மற்றைப் பகுதி, உடலெங்கும் செல்லும் மருந்து பற்றியது. சத்திரசிகிச்சையின் பின் இரசாயன மருந்து கொடுத்தலின் பயனை அவர் குழு 1975ஆம் ஆண்டு வெளியிட்டது. ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனின் செயலைத் தடுக்கும் தமொக்சிபென் மருந்து, அவ்வோமோனை ஏற்கும் தன்மையுள்ள கட்டிகளில் நோய் மீளுதலைக் குறைக்கின்றதென 1989ஆம் ஆண்டு காட்டிற்று. பின்னர், நோய் வரக்கூடுமென அஞ்சத்தக்க 13,388 பெண்களிடம் நடத்திய சோதனை, அம்மருந்து நோய் வருதலையே ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதை 1998ஆம் ஆண்டு புலப்படுத்திற்று. அம்மருந்தினாற் கருப்பைப் புற்றுநோயும் இரத்தக் கட்டியும் சிலருக்கு உண்டாதலையும் அவ்வறிக்கை மறையாது கூறிற்று.

இடுக்கண்

நிற்க. இத்துணைப் புகழ் பெற்றவரின் வாழ்விற் பேரிடுக்கணும் நேர்ந்தது. சோதனைக்கு நோயாளரைச் சேர்த்த மொன்றியல் நகரத்து வைத்தியர் ஒருவர், விதிகளுக்கு உட்படாத சிலரையும் சேர்க்கும்பொருட்டுத் திகதி முதலிய விபரங்களை மாற்றி எழுதியிருந்தார். இதனை 1990ஆம் ஆண்டு பிஷரின் அலுவலகத்தாரே கண்டுபிடித்தனர். உத்தியோக விசாரணை நடந்தது. ஆயின் பொய்க்கணக்கை நீக்கிய திருத்த அறிக்கை உடனே வெளிவரவில்லை. 1994ஆம் ஆண்டு பத்திரிகைகள் இதனை வெளிப்படுத்தவே பெண்கள் கலங்கினர். 'மார்பகத்தைக் காத்தது தவறோ?' என அஞ்சினர். பிஷர் தலைமைப் பதவியினின்றும் நீக்கப்பட்டார்.

பின்னர் அவ்வைத்தியசாலையின் கணக்கு முழுவதையும் விலக்கி மீளக் கணக்கிட்டனர். 1995ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வறிக்கையில் முடிவு மாறவில்லை. 1997ஆம் ஆண்டு பிஷர் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டது. பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. பலர் கூடிச் செய்த சோதனையாதலின் ஒருவர் பொய் அதனை வீழ்த்தவில்லை. எனினும் காலந்தாழ்த்தமையினால் உண்மையின் மேலேயே மக்கள் நம்பிக்கை தளர்ந்ததை நாம் மறத்தலாகாது. பிழை கண்டவிடத்து அதனை உடனே உரத்துச் சொல்லுதலும் ஆராய்ச்சியின் அறமாகும்.

பிஷர் 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் தமது நூற்றோராம் வயதிற் காலமானார். அவர் கொள்கையும் இறுதியுரை அன்று. பல சோதனைகளை ஒருங்குசேர்த்து ஆராய்ந்த அறிஞர் குழுவொன்று 2005ஆம் ஆண்டு வேறொன்றைக் காட்டிற்று. முதலைந்து ஆண்டுகளில் நோய் உள்ள இடத்திலேயே மீளுவதை நால்வரிடத்துத் தடுத்தால், பதினைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஓருயிர் காக்கப்படும் என்பதே அது. ஆகவே நோயிடத்துச் சிகிச்சைக்கும் ஆயுளுக்கும் தொடர்பே இல்லையென்பதும் முழுவுண்மையன்று. ஹால்ஸ்ரெட்டின் உரையைச் சோதித்த அதே துலாக்கோல் பிஷரின் உரையையும் நிறுத்தது. இதனால் அவர் பெருமை குன்றவில்லை. அவர் கைக்கொண்ட முறையின் பெருமையே விளங்கிற்று.

முடிவுரை

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் பயன் இரண்டு. முதலாவது, அன்று எம்மிடம் வினவிய மாணவனுக்கு உரியது. பெரியோர் சொல் பிழையென அறிதற்கு அவரை இகழ வேண்டியதில்லை. அவர் சொல்லிற் கண்டது எவ்வளவு, கருதியது எவ்வளவு எனப் பிரித்தறிதல் வேண்டும். பின் கருதியதைக் காட்சியாற் சோதிக்க வழி தேடல் வேண்டும். அச்சோதனைக்கு நம் சொந்தக் கருத்தையும் உட்படுத்தல் வேண்டும். இம்மூன்றாவதே அரிது.

இரண்டாவது பயன் எமது இல்லங்களுக்கு உரியது. எம்மிடம் பயின்ற ஒருவனின் தாயார் மார்பிலே தோன்றிய கட்டியை ஓராண்டுக்கு மேலாக எவரிடமும் சொல்லாது மறைத்திருந்தார். நோவில்லாத கட்டியாதலிற் பெரிதல்லவென எண்ணினார் என்று பிறர் கூறினர். மகன் பின்னர் எம்மிடம் கூறிய காரணம் வேறு: "வைத்தியரிடம் போனால் முழுவதையும் அறுத்துவிடுவார்கள் என்று அம்மா பயந்தா, சேர்." அவர் வைத்தியசாலைக்குச் சென்றபோது காலம் கடந்துவிட்டது. தசையையும் சேர்த்து அறுக்கும் பழைய முறை மேனாட்டு வைத்தியசாலைகளினின்றும் நீங்கிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரும், அதன் அச்சம் எமதூர்ப் பெண்ணொருவரின் உள்ளத்தினின்றும் நீங்கவில்லை. அவ்வச்சத்தைப் போக்கியிருக்கவேண்டியவர் கற்றோராகிய நாமே. மார்பகம் என்னும் சொல்லை வகுப்பிற் கூறவும் நாணிய எம்மைப் போன்ற ஆசிரியருக்கு அதிற் பங்குண்டு.

இன்று வைத்தியர் கையாற் பரிசோதித்தும், கதிர்ப்படமோ ஒலியலைப்படமோ எடுத்தும், ஊசியாற் சிறு துண்டெடுத்துச் சோதித்தும் நோயை முன்கூட்டியே துணிகின்றனர். துணிந்தபின் நோயாளியுடன் கலந்தே சிகிச்சையை வகுக்கின்றனர். கட்டிகள் பல புற்றுநோயும் அல்ல. புற்றுநோயாயினும் தொடக்கத்திற் கண்டால் மார்பகத்தைக் காத்தே சிகிச்சை செய்தல் பலருக்குக் கூடும். எல்லோருக்கும் கூடுமென்பதன்று, தாமதியாது சென்றோருக்கே அவ்வாய்ப்பு மிகுதி.

பழைய மாணவர்களே! இம்மலரை வீட்டுக்குக் கொண்டு செல்லும்போது இக்கட்டுரையை நீங்கள் மாத்திரம் படித்து வைத்துவிடாதீர்கள். தாயாரிடமும், மனைவியிடமும், தமக்கை தங்கையரிடமும் கொடுங்கள். அவர்கள் படிக்க நாணுவராயின் நீங்களே படித்துச் சொல்லுங்கள். பல்லாயிரம் பெண்கள் தம் உடலையே சோதனைக்குத் தந்து நிறுவிய உண்மை, அஞ்சி ஒளித்திருக்கும் ஒரு பெண்ணை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுமாயின் எம் கல்லூரி கற்பித்த கல்வி பயன்பட்டதாகும்.